சீதக்காதி 'ஐயா' மாதிரி ஒரு நாடக நடிகர் நிஜத்தில் இருந்திருப்பாரா?

கடைசிவரிசை எழுதியது:

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சீதக்காதி படம் மறுபடி ஓடியது. 2018 டிசம்பரில் தியேட்டரில் பார்த்தபோது இரண்டாம் பாதி பிடிக்காமல் வெளியே வந்து திட்டித் தீர்த்தவன்தான் நான். இப்போது என்னவோ, அந்த முதல் நாற்பது நிமிடம் முடிவதற்குள் கண் கலங்கிவிட்டது. சின்ன வயதிலிருந்து மேடை, மேடையைத் தவிர எதுவும் தெரியாத ஒரு மனிதர், வருஷம் போகப் போக எதிரே நாற்காலிகள் காலியாகிக்கொண்டே வருகின்றன, வீட்டில் பேரனுக்கு ஆபரேஷன், கையில் பணமில்லை, சினிமா கூப்பிட்டும் போகவில்லை, கடைசியில் மேடையிலேயே உயிர் போகிறது. விஜய் சேதுபதியின் மேக்கப் சில ஷாட்டுகளில் ரப்பர் மாதிரி தெரிந்தாலும் மேடையில் ஔரங்கசீப்பாக நடிக்கிற காட்சியில் அதெல்லாம் மறந்துபோகிறது.

பிரச்சினை என்னவென்றால் பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். எழுபதுகளின் கடைசியில் ஆரம்பித்து பத்துப் பதினோரு வருஷம் சென்னையில் ஒரு அமெச்சூர் குழுவுக்கு லைட் போட்டவர் அவர். பகலில் வங்கி, சனி ஞாயிறு சாயங்காலம் சபா. நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது அவர் சிரிக்கிறார். "பத்துப் பேர்தான் வந்திருக்கான். சரி, அடுத்த வாரமும் அதே ஹால்ல நாடகம் போடறாரே, வாடகை யாரு கட்டினா? செட்டு கொண்டு வந்த வேனுக்கு யாரு கொடுத்தா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. "நாடகக்காரன் கஷ்டம்னா இவங்களுக்கு காலி நாற்காலிதான் தெரியும்" என்று சொல்லிவிட்டு மாத்திரை போட எழுந்து போய்விட்டார்.

அதிலிருந்து மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஐயா ஆதிமூலம் மாதிரி ஒருவர், அதாவது வேறு வேலையே இல்லாமல் நாடகத்தை மட்டும் நம்பி, சினிமாவும் வேண்டாம் என்று வாழ்நாள் முழுக்க ஓட்டியவர், நிஜத்தில் இருக்க முடியுமா? நாடக நடிகரின் கஷ்டம் என்றால் உண்மையில் எது? நாடகம் பார்த்தவர்கள், போட்டவர்கள், வீட்டில் நாடகக்காரர் இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். படம் நல்ல படமா கெட்ட படமா என்கிற சண்டை வேண்டாம், அதைப் போன இழையிலேயே போட்டு முடித்துவிட்டோம்.


சைடுவிங் எழுதியது:

அப்பா கேட்டதுதான் சரியான கேள்வி. நானும் பதினைந்து வருஷம் சபா நாடகத்தில் இருந்தவன், பெரும்பாலும் கதாநாயகியின் அண்ணன், இரண்டு நாடகத்தில் இன்ஸ்பெக்டர். அதனால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

சபாவில் டிக்கெட் விற்றுப் பிழைத்ததில்லை யாரும். சபாவுக்கு உறுப்பினர்கள், அவர்களுக்கு ஆண்டுச் சந்தா, அந்தப் பணத்தில் செயலாளர் மாதம் ஒன்றோ இரண்டோ நாடகம் போடுவார், குழுவுக்கு இவ்வளவு என்று பேசி முடித்த ஒரு தொகை. அன்றைக்கு மழை பெய்து முப்பது பேர் வந்தாலும் அந்தத் தொகை வந்துவிடும். அதிலிருந்து செட்டுக்கு, வேனுக்கு, மேக்கப்மேனுக்கு, லைட்டுக்கு, மைக்குக்கு எல்லாம் கொடுத்து மிச்சம் இருந்தால் நடிகர்களுக்கு ஆட்டோ காசு. அவ்வளவுதான். எங்கள் குழுவில் ஒருவர் ரயில்வே, மூன்று பேர் வங்கி, ஒருவர் தபால் துறை, கதாநாயகி மட்டும் முழுநேர நடிகை (நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து வாங்கியதைவிட அவருக்குத்தான் அதிகம், அது நியாயமும்கூட, அவருக்கு அதுதான் சோறு). கே. பாலசந்தர் ஏஜி ஆபீஸ் (அரசுக் கணக்குத் துறை) வேலையில் இருந்துகொண்டு நாடகம் போட்டவர், நாகேஷ் ரயில்வேயில் இருந்தவர். சபா மேடையே மாதச் சம்பளக்காரர்கள் கட்டிய மேடைதான். அதில் யாரும் அடுப்பு எரியாமல் சாகவில்லை. எங்கள் கஷ்டம் வேறு, லீவு கிடைக்காது, மேனேஜர் முறைப்பார், நாடகம் முடிந்து மேக்கப்பை அரைகுறையாகத் துடைத்துக்கொண்டு மாம்பலத்துக்கு ஓடினால் தாம்பரம் போகும் கடைசி ரயில் போயிருக்கும்.

காலி நாற்காலி வந்தது தொலைக்காட்சியால். 1975இல் சென்னையில் தூர்தர்ஷன் ஆரம்பித்தபோது யாரும் பயப்படவில்லை, டிவி பெட்டி யார் வீட்டில் இருந்தது அப்போது? எண்பதுகளில் தெருவுக்கு நாலு வீட்டில் வந்த பிறகு வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஞாயிறு மாலை படம். எங்கள் நாடகமும் ஞாயிறு மாலைதான். உறுப்பினர்கள் சண்டை போட்டெல்லாம் விலகவில்லை, சந்தாவைப் புதுப்பிக்க மறந்தார்கள். சந்தா குறைந்தால் செயலாளர் முதலில் வெட்டுவது நாடகத்தை, கச்சேரியை அல்ல. அப்புறம் ஸ்பான்சர் பிடித்து ஹால் எடுத்து நாங்களே போட்டோம், அதுவும் சில வருஷம். அப்புறம் பாதிப் பேர் சீரியலுக்குப் போனார்கள். ஒரு நாள் படப்பிடிப்புக்கு வந்த காசு எங்களுக்கு ஆறு மாத ஆட்டோ காசு.

ஆகவே ஐயா ஆதிமூலம் சபா ஆள் இல்லை. அவர் பழைய முழுநேரக் கம்பெனி நடிகர், அவரைத் தூக்கி இந்தக் காலத்துச் சென்னை ஹாலில் உட்காரவைத்திருக்கிறார்கள், இரண்டும் ஒட்டவில்லை, உங்கள் அப்பா சிரித்தது அந்தத் தையலைப் பார்த்துத்தான். கம்பெனிக் காலத்தில் அப்படி ஆட்கள் ஏராளம். வீட்டில் சோறில்லாமல் ஏழு வயதில் பாய்ஸ் கம்பெனியில் (சிறுவர்களே நடிக்கிற நாடகக் குழு) கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள், கம்பெனியிலேயே சாப்பாடு, தூக்கம், பாட்டு, அடி எல்லாம். சிவாஜி கணேசன் அப்படி வந்தவர்தான், முதலில் போட்டது சீதை வேஷம். எம்.ஜி.ஆரும் பாய்ஸ் கம்பெனிப் பிள்ளைதான். அந்தப் பையன்களுக்கு உண்மையான பயம் எது தெரியுமா, மகரக்கட்டு. பதின்மூன்று பதினான்கு வயதில் குரல் உடையும். நேற்றுவரை ஸ்திரீபார்ட் (பெண் வேஷம்) போட்டு ஊரே கொண்டாடிய பையன் இன்று வாயைத் திறந்தால் தவளைக் குரல். அதோடு பாட்டு போச்சு, வேஷம் போச்சு, குரல் எப்போது திரும்பும், திரும்புமா என்பதே தெரியாமல் கூட்டத்தில் நிற்கிற சேவகனாக ஈட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இதை ஒரு படம் எடுக்கலாம். எடுக்க மாட்டார்கள்.


ரீல்பெட்டி எழுதியது:

இரண்டு பேரும் ஒரு ஆவிக் கதையை ஆடிட்டரை வைத்துப் பார்க்கிறீர்கள். செத்துப்போன நடிகர் இன்னொருவன் உடம்பில் புகுந்து நடிக்கிறார் என்பதை ஒப்புக்கொள்கிறவர்கள் ஹால் வாடகையில் வந்து மாட்டிக்கொள்வது எனக்குப் புரியவில்லை.

தலைப்பே சொல்லிவிடுகிறது. செத்தும் கொடுத்தான் சீதக்காதி. கீழக்கரை வள்ளல், உமறுப்புலவரை ஆதரித்தவர், செத்த பிறகும் கேட்டு வந்த புலவருக்கு மோதிரம் கொடுத்தார் என்று கதை. பாலாஜி தரணீதரன் எடுத்தது கலை செத்த பிறகும் கொடுக்குமா என்கிற படம். சபா வரலாறு எடுப்பதாக அவர் சொல்லவே இல்லை. முதல் நாற்பது நிமிடம் அதற்கு முன்பணம், அவ்வளவே. நிஜமான படம் அதற்கப்புறம்தான் இருக்கிறது. ஆவி கைவிட்ட பிறகு அந்த நடிகன் ஒரே வசனத்துக்கு டேக் மேல் டேக் வாங்குகிறானே, அந்தக் காட்சியில் தியேட்டரே சிரித்தது, எனக்கு மட்டும் வயிற்றைப் பிசைந்தது. நடிப்பு என்பது என்ன என்று அதைவிடத் தெளிவாகத் தமிழில் யாரும் காட்டவில்லை. நடிப்பு இல்லாத இடத்தைக் காட்டித்தான் நடிப்பைக் காட்ட முடியும். கூத்துப்பட்டறை நாடகக் குழுவில் கணக்கு எழுதிக்கொண்டே நடிகர்களைப் பார்த்துப் பழகிய விஜய் சேதுபதி இந்த வேஷத்தைத் தன் 25வது படமாக எடுத்துக்கொண்டார், அதுவும் பாதியில் காணாமல் போகிற வேஷத்தை. எந்த ஹீரோ செய்வார்?

நாடகக்காரரின் கஷ்டம்தான் வேண்டும் என்றால் ராஜபார்ட் ரங்கதுரை பாருங்கள், 1973. சிவாஜி. வறுமையைவிட அதில் வலிப்பது அவமானம். தம்பியைப் படிக்கவைத்து ஆளாக்குவார், அந்தத் தம்பிக்கு அண்ணன் கூத்தாடி என்று சொல்லிக்கொள்ள வெட்கம். 'அம்மம்மா தம்பி என்று நம்பி' பாட்டை இப்போது கேட்டாலும் சும்மா இருக்க முடியாது. காவியத்தலைவனில் (2014) வேறு ஒன்று, பொறாமை. ஒரே குருவிடம் வளர்ந்த இரண்டு பேரில் ராஜபார்ட், அதாவது கதாநாயக வேஷம், யாருக்கு என்கிற நெருப்பு. ரகுமான் பாட்டுக்காக எல்லோரும் பேசினார்கள், பிரித்விராஜின் முகத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

கணக்கு வேண்டுமானால் வங்கிக்குப் போங்கள்.


பாப்கார்ன் எழுதியது:

ஔரங்கசீப் காட்சி வந்ததும் போனை எடுத்தவன் நான். மன்னிக்கவும். மேலே எழுதியதைப் படித்தபிறகு மறுபடி பார்க்கத் தோன்றுகிறது.


பின்பாட்டு எழுதியது:

ரீல்பெட்டி அண்ணே, கோபப்படாதீர்கள். சைடுவிங் சார், உங்களோடும் எனக்கு ஒரு சின்னச் சண்டை இருக்கிறது. நாடகத்தை மட்டும் நம்பி வாழ்ந்தவர்கள் பாய்ஸ் கம்பெனியோடு முடிந்துபோனார்கள் என்பதுபோல எழுதியிருக்கிறீர்கள். மதுரைப் பக்கம் வந்து பாருங்கள். மதுரை, திண்டுக்கல், புதுக்கோட்டை, காரைக்குடி, இந்த ஊர்களில் இன்றைக்கும் காலையில் எழுந்தால் நாடகம் தவிர வேறு தொழில் தெரியாத குடும்பங்கள் இருக்கின்றன. எங்கள் வீடு அதில் ஒன்று. அப்பா ஆர்மோனியம், பின்பாட்டு. தாய்மாமா ராஜபார்ட். நான் படித்துவிட்டு வேறு வேலைக்கு வந்துவிட்டேன், அதை மாமா இன்னும் மன்னிக்கவில்லை.

ஸ்பெஷல் நாடகம் என்று சொல்வோம். குழு என்று ஒன்று கிடையாது, கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையவே கிடையாது. ஊர்த் திருவிழாவுக்கு வள்ளி திருமணம் போட வேண்டும் என்று ஊர்க்காரர்கள் ஏஜென்டிடம் வந்து சொல்வார்கள், இந்த ராஜபார்ட் வேண்டும், இந்த வள்ளி வேண்டும், பபூன் இவர்தான் வேண்டும் என்று ஆள் ஆளாகக் கேட்பார்கள். நோட்டீஸ் அடிப்பார்கள், அதில் ஒவ்வொருவர் படமும், பேரும், ஊரும், என்ன வேஷம் என்பதும். ராஜபார்ட் காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் வருவார், வள்ளி திண்டுக்கல்லிலிருந்து, பபூன் மதுரையிலிருந்து, ராத்திரி ஒன்பது மணிக்குக் கொட்டகைக்குப் பின்னால்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். சில சமயம் முதல் தடவையாக. பத்து மணிக்கு நாடகம், விடியும்வரை. எல்லோருக்கும் பாட்டு தெரியும், வசனம் தெரியும், அந்தக் காலத்து நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வைத்துவிட்டுப் போன எலும்பு அது. அதன்மேல் அன்றைக்கு யார் எப்படிச் சதை போடுகிறார்கள் என்பதுதான் ஆட்டம். வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் என்று ஒரு பகுதி வரும், அதில் ஒருவரை ஒருவர் மடக்க வேண்டும், ஊரில் தமிழ் வாத்தியார்கள் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பார்கள், தோற்றால் அடுத்த வருஷம் அந்த ஊரில் தேதி இல்லை.

இப்போது கஷ்டத்துக்கு வருகிறேன். காலி நாற்காலி எங்களுக்குக் கிடையாது, ஏனென்றால் நாற்காலியே கிடையாது, பாயும் போர்வையும்தான். கூட்டம் வரும். பபூனும் டான்ஸும் இருக்கும்வரை ஆயிரம் பேர். ஒரு மணிக்கு மேல் ராஜபார்ட் உள்ளே வரும்போது பாதி தூங்கியிருக்கும், பாதி வீட்டுக்குப் போயிருக்கும். தூங்குகிற கூட்டத்துக்கு முன்னால் நாலரைக் கட்டையில், அவ்வளவு உயர்ந்த சுருதியில், பாட வேண்டும். எழுந்து பார்க்கிற நாலு கிழவர்களுக்காகத்தான் மாமா பாடுவார். அவர்களுக்குப் பாட்டு வரி தெரியும், ஒரு வரி விட்டால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஒரு ராத்திரி சொல்கிறேன். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது இருக்கும், முழுப் பரீட்சை லீவு, அப்பாவோடு போயிருந்தேன். தொடர்ந்து ஒன்பதாவது நாடகம் அது மாமாவுக்கு. இரண்டு மணி வாக்கில் வேடனாக வந்து முதல் பாட்டு எடுத்தார், மேல் ஸ்தாயியில் தொண்டை பிடித்துக்கொண்டது. காற்றுதான் வருகிறது. கூட்டத்துக்குத் தெரியவில்லை. அப்பா சட்டென்று மிச்சத்தைப் பின்பாட்டில் தான் எடுத்துப் பாடி முடித்தார், அடுத்த பாட்டுக்குச் சுருதியை அரைக் கட்டை இறக்கிவிட்டார். எவ்வளவு பெரிய உதவி அது! ஆனால் மிருதங்கம் நாலரைக்குச் சேர்த்தது. மிருதங்கக்காரர் அப்பாவை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், சிவனே. கல்லை எடுத்து வாரைத் தட்டிக்கொண்டே வாசிக்கிறார். வள்ளி வேஷம் போட்ட அம்மாவுக்கு இன்னும் கோபம், அவருக்கு அந்தச் சுருதியில் கீழே ஒட்டாது. அவர் என்ன செய்தார் தெரியுமா, மேடையிலேயே, வள்ளியாகவே, "வேடனே, மலையேற வந்தவன் மூச்சு வாங்கி நிற்கிறாயே, கிழவனா நீ?" என்று சொந்தமாக ஒன்று போட்டார். கூட்டம் எழுந்து சிரித்தது. மாமா சிரித்துக்கொண்டே, "கிழவனாகத்தான் அடுத்த வேஷம் வரப்போகிறேன் பெண்ணே, அவசரப்படாதே" என்றார். அந்தக் கதையில் முருகன் அடுத்து வருவது கிழவனாகத்தானே! கைதட்டல் அடங்க நேரமாயிற்று. காலையில் டீக்கடையில் அந்த அம்மாவும் மாமாவும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஆனால் அந்த வருஷம் முழுக்க அவர்கள் இரண்டு பேரையும் சேர்த்தே ஊர்கள் கேட்டன.

ஐயா ஆதிமூலத்துக்கு இந்த மாதிரி ஒரு சக நடிகர்கூட இல்லை பாருங்கள். அவர் நடிப்பார், மற்றவர்கள் அவரைப் பார்த்துப் பக்தியோடு நிற்பார்கள். மேடையில் எனக்குத் தெரிந்து அப்படி நடக்காது. பக்கத்தில் நிற்கிறவர் கையில்தான் உங்கள் மானம்.

பணக் கஷ்டம் என்றால் அது மாதக் கணக்கு. பங்குனியிலிருந்து ஆடிவரை தேதி நெருக்கமாக இருக்கும், தூங்க நேரம் இருக்காது. அப்புறம் குறைந்துகொண்டே வந்து ஐப்பசி கார்த்திகையில் மழை, ஒன்றும் இருக்காது. அந்த நாட்களில் வாங்குகிற கடனைப் பங்குனியில் அடைப்பது, பங்குனியில் வருகிற அட்வான்ஸை நம்பி ஐப்பசியில் வாங்குவது, இதுதான் சக்கரம். 2020 மார்ச் 25இல் ஊரடங்கு போட்டார்கள் இல்லையா, அது பங்குனி. வெற்றிலை பாக்கு வைத்து வாங்கிய அட்வான்ஸ் கையில் இருக்கிறது, செலவாகிவிட்டது, திருவிழா எல்லாம் நின்றுபோயிற்று. சில ஊர்க்காரர்கள் கேட்கவில்லை, பெரிய மனசு. சில ஊர் கேட்டது, அவர்களையும் குறை சொல்ல முடியாது. அடுத்த வருஷமும் சீசன் நடுவில் மறுபடி ஊரடங்கு. இரண்டு சீசன் போனால் எங்களுக்கு மூன்று வருஷம். மாமா அந்தச் சமயத்தில் பெட்டியை (வேஷப் பெட்டி) அடகு வைக்கப் போய், "இதையெல்லாம் எவன் எடுப்பான்" என்று கடைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். அதைச் சொல்லிச் சொல்லி இப்போதும் சிரிப்பார்.

சினிமாவை வேண்டாம் என்று சொன்னவர் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். எங்களை யார் கூப்பிட்டார்கள்!


சைடுவிங் எழுதியது:

பின்பாட்டு, ஒப்புக்கொள்கிறேன். சென்னைக்காரன் புத்தி. முடிந்துபோயிற்று என்று நான் சொன்னது எங்கள் தெருவில் முடிந்ததைத்தான்.

சுவாமிகள் பேச்சு வந்ததால் ஒன்று. எல்லோரும் அவரை நாடகத் தலைமையாசிரியர், எழுதினவர் என்றே சொல்கிறோம், அவரும் முதலில் நடிகர்தான். எமன், சனீஸ்வரன், இரணியன் மாதிரி வேஷங்கள். சனீஸ்வரன் வேஷம் போட்டு முடித்து விடியற்காலையில் அதே கோலத்தில் குளத்துக்கு வேஷம் கலைக்கப் போனபோது எதிரே வந்த ஒரு பெண் பார்த்து அரண்டுபோனாள், அன்றோடு வேஷம் போடுவதை நிறுத்தினார் என்று சொல்வார்கள். சுவாமிகளிடம் பயின்ற நடிகர் அவ்வை சண்முகம் எழுதிய 'எனது நாடக வாழ்க்கை'யைத் தேடிப் படியுங்கள். சுவாமிகள் ஒரே ராத்திரியில் உட்கார்ந்து அபிமன்யு சுந்தரியைப் பாட்டும் வசனமுமாக முழுசாக எழுதி முடித்த கதை அதில் இருக்கிறது. கடைசிக் காலத்தில் பக்கவாதம் வந்து பேச்சுப் போய்விட்டது. ஆயிரக்கணக்கில் பாட்டும் வசனமும் எழுதின மனுஷர், பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்க வாய் இல்லாமல் கம்பெனியோடு கூடவே போய், 1922இல் புதுச்சேரியில் இறந்தார். காலி நாற்காலியைவிட இது எனக்குப் பெரிய காட்சி. எதிரே பையன்கள் தப்பாகப் பாடுகிறார்கள், திருத்த முடியவில்லை.

ரீல்பெட்டி, ராஜபார்ட் ரங்கதுரை விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. என் பெண்ணுக்கு வரன் பார்த்தபோது "டிராமாவில் நடிப்பாராமே" என்று ஒரு வீட்டில் இழுத்தார்கள், இத்தனைக்கும் நான் அரசு வேலை, நாடகத்தை விட்டே அப்போது பல வருஷம். பின்பாட்டு வீட்டில் அதைவிடப் பத்து மடங்கு இருந்திருக்கும்.


பின்பாட்டு எழுதியது:

இருந்தது சார். அக்காவுக்குக் கடைசியில் மிருதங்கக்காரர் வீட்டிலேயே முடிந்தது. ஆமாம், அதே முறைத்த மிருதங்கக்காரர்.


ரீல்பெட்டி எழுதியது:

சரி, வேடனும் கிழவனும் விஷயத்தில் நான் தோற்றேன். படத்தில் ஐயாவுக்கு எதிரே ஒருவர் இல்லை என்பதை நான் இத்தனை தடவை பார்த்தும் கவனிக்கவில்லை. இயக்குநர் தெரிந்தே செய்திருக்கலாம் என்று இன்னும் நினைக்கிறேன், தனியாகத் தெரிந்தால்தானே ஆவியாக வரும்போது எடை இருக்கும். ஆனால் நாடகம் என்று பார்த்தால் அது ஓட்டைதான். காவியத்தலைவன் அந்த வகையில் மேல். அங்கே மேடையில் இரண்டு பேர் நிற்கிறார்கள், இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் தெரியும்.

ஒரு சந்தேகம், சண்டை இல்லை. மைக் வந்த பிறகும் ஏன் நாலரைக் கட்டை? பாட்டுக்குப் பேர்போன நாடக நடிகர் கிட்டப்பா காலத்தில் கொட்டகைக் கடைசிவரை கேட்க வேண்டும் என்று உச்சத்தில் பாடினார்கள், புரிகிறது, அந்த மனிதரும் 27 வயதில் போய்ச் சேர்ந்தார். இப்போது ஊர் முழுக்க குழாய் ஸ்பீக்கர் கட்டுகிறார்களே, இறக்கிப் பாடினால் மாமாவுக்குத் தொண்டை மிஞ்சுமே?


பின்பாட்டு எழுதியது:

நானும் இதையே கேட்டேன், திட்டு வாங்கினேன். அப்பா சொன்ன காரணம், கேட்கிறவர்களின் காது அந்தச் சுருதிக்குப் பழகியிருக்கிறது, இறக்கினால் "ஆளுக்கு வயசாயிருச்சு" என்று முன்வரிசைக் கிழவர் எழுந்து போய்விடுவார். மாமா சொன்ன காரணம் வேறு. மேலே பாடும்போதுதான் அவருக்கு வேஷம் ஏறுமாம், கீழே பாடினால் தான் தானாகவே நிற்கிற மாதிரி இருக்குமாம். இரண்டில் எது உண்மை என்று எனக்குத் தெரியாது அண்ணே. தொண்டை மட்டும் போய்க்கொண்டிருக்கிறது. இப்போது பெரும்பாலும் நாரதர் போடுகிறார், பாட்டைவிடப் பேச்சு அதிகம்.


கடைசிவரிசை எழுதியது:

எல்லாவற்றையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். சைடுவிங் சார், கடைசி ரயில் இடத்தில் "எந்தக் குழு, கேளு" என்றார். அவர் லைட் போட்ட ஒரு நாடகத்தில் இன்ஸ்பெக்டர் எப்போதும் ஸ்பாட் லைட்டுக்கு ஒரு அடி தள்ளியே நிற்பாராம், பெயர் மறந்துவிட்டதாம். அது நீங்களாக இருந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள், திட்ட ஒரு ஆள் காத்திருக்கிறார்.

சுருதி இறக்கிய கதையை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். அப்புறம் அவரே ஒன்று சொன்னார், இத்தனை வருஷத்தில் என்னிடம் சொல்லாதது. ஒரு நாடகத்தில் கதாநாயகன் வசனம் மறந்து நின்றுவிட்டார், பிராம்ப்டர் கிசுகிசுப்பதும் கேட்கவில்லை. அப்பா லைட்டை மெதுவாக இறக்கி, கரண்ட் போனதுபோல அரை நிமிடம் இருட்டாக்கி, மறுபடி ஏற்றினார். ஹாலில் எல்லோரும் மின்வாரியத்தைத் திட்டினார்கள். கதாநாயகன் அந்த இருட்டில் சைடுக்கு ஓடி வசனத்தைப் பார்த்துவிட்டு வந்துவிட்டார். "நாடகம் முடிஞ்சு எல்லாரும் அவன் கையைக் குலுக்கினாங்க, நான் வயரைச் சுத்திக்கிட்டிருந்தேன்" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை.

பின்பாட்டு, அப்பாவுக்கு எழுபத்து மூன்று. வள்ளி திருமணம் முழு ராத்திரி பார்த்ததே இல்லையாம், சென்னையிலேயே இருந்துவிட்டார். பங்குனியில் கூட்டிக்கொண்டு வரலாமா? எந்த ஊர், எப்படி வருவது?


பின்பாட்டு எழுதியது:

கட்டாயம் வாருங்கள். எந்த ஊர் என்று இப்போது சொல்ல முடியாது, மாசிக்கு மேல் நோட்டீஸ் வந்ததும் படம் எடுத்து அனுப்புகிறேன். மதுரைக்கு ரயிலில் வந்துவிட்டால் போதும், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். உங்கள் அப்பாவுக்குச் சாய்மான நாற்காலி ஒன்று ஏற்பாடு செய்துவிடலாம், மேடைக்கு வலது பக்கம், ஆர்மோனியம் ஓரம். பனி விழும், ஒரு சால்வை எடுத்து வாருங்கள். சாயங்காலம் நன்றாகத் தூங்கவைத்துக் கூட்டி வாருங்கள், பத்து மணிக்கே வந்து பபூனைப் பார்த்துக் களைத்துவிட்டால் மாமா வரும்போது தூங்கிவிடுவார்.

லைட்டைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லிவிட வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். எங்கள் ஊரில் நாடகத்துக்கு இரண்டு ஃபோகஸ் லைட், இரண்டும் விடியும்வரை எரியும், அணைக்க ஆள் கிடையாது.